பம்படியக்காவின் மஞ்சள் பூ

பம்படியக்காவோடு எங்கே கிளம்பினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பாதி வழியில் நின்றுவிடுவாள். முகத்தில் ஒரு கலக்கம் வரும். "கண்ணு, நீ இங்கியே நில்லு. தோ வந்துட்றேன்" என்று வந்த வழியே திரும்பி நடப்பாள். வீட்டைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா என்று திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்கா அதற்கெல்லாம் திரும்ப மாட்டாள். யாரிடமோ எதையோ தப்பாகச் சொல்லிவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கும். அதைத் திருத்திச் சொல்லிவிட்டு வந்தால்தான் மேற்கொண்டு கால் நகரும்.

நான் காஞ்சிபுரத்திலிருந்து கல்யாணமாகி ஒரகடத்துக்கு வந்த வருஷம் 1991. அந்த மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிஷம் நின்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். மற்றபடி ஒரகடம் அப்போது நாலு டீக்கடையும் ஒரு கூட்ரோடும்தான். கூட்ரோட்டிலிருந்து உள்ளே ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட ஓட்டு வீடுகளின் வரிசை. ஆம்பிளைகள் பஸ் பிடித்து மறைமலை நகருக்கு வேலைக்குப் போவார்கள். என் வீட்டுக்காரர் லேத்துப் பட்டறையில். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். வரிசையின் கடைசி வீடு அவர்களுடையது. வாசலுக்கு நேரே அடிபம்பு. அதனால் அவள் எல்லோருக்கும் பம்படியக்கா. சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும்.

நான் வந்த முதல் நாள் "காலையில பஸ்ஸு எத்தனை மணிக்கு அக்கா?" என்று கேட்டேன். "ஏழேகாலு" என்றாள். ராத்திரி நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினாள். "ஏழேகாலுன்னு சொல்லிட்டேன் கண்ணு. ஏழேகாலு வண்டி இல்ல, ஏழு பத்து வண்டி. அது லேட்டா வர்றதால அப்டியே வாயில வந்துட்ச்சி." சொல்லிவிட்டுக் குடையைக்கூட மடக்காமல் மழையில் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். "அஞ்சு நிமிசத்துக்கா மழையில வந்துட்டுப் போறாங்க?" என்று சிரித்தார்.

அவளுடைய வீட்டுக்காரர் இன்னும் மோசம். "இவ கோயிலுக்குப் போயி வேண்டிக்கினு வந்தான்னா, பாதி வழியில திரும்பிப் போயி சாமிக்கிட்ட மாத்திச் சொல்லிட்டு வருவா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிக்க வைப்பார். அக்காவும் சிரிப்பாள். கோபம் வராது அவளுக்கு.

எனக்குக் கோபம் வரும். எனக்குக் கூச்ச சுபாவம். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. படப்பையில் ஒரு கல்யாணத்துக்கு அவளோடு போய்விட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூறைப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அக்கா நடுவில் புகுந்து "காஞ்சிபுரம் பட்டுல்ல, மினுக்கு அப்டித்தான் கீது" என்று சொல்லிவிட்டாள். பந்தியில் உட்கார்ந்த பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். நெசவுத் தெருவில் பிறந்தவள், வாய் நிற்கவில்லை. "அது ஆரணிப் பட்டுக்கா" என்றேன். அவ்வளவுதான். அக்கா சாம்பார்ச் சோற்றோடு இலையை விட்டு எழுந்தாள். மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டே மேடையேறி, மாப்பிள்ளையின் அத்தையிடம், "நான் தெரியாம சொல்லிட்டேங்க, அது ஆரணிப் பட்டாம்" என்றாள். பெண்ணின் அம்மா முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது நான் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு வீடு வந்ததும் அக்கா நேராகப் பம்புக்குப் போனாள். தண்ணீர் அடித்துக் கையை நனைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். இது அவளிடம் ஒரு பழக்கம். அடிக்கடி பார்த்திருக்கிறேன். "காதுல இன்னாக்கா?" என்று கேட்டதற்கு, "சூடு கண்ணு" என்றாள். எனக்கு மனசு இளகிவிட்டது. பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஊற்றிக்கொண்டாளோ என்னவோ.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு வரிசையில் மஞ்சள் காமாலை வந்தது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள். முதலில் விழுந்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். கண்ணெல்லாம் மஞ்சள். சோற்றைப் பார்த்தாலே குமட்டல். அக்கா வந்து பார்த்தாள். "எங்க ஊர்ல இதுக்கு மஞ்சா கரிசலாங்கண்ணி அரச்சிக் குடுப்பாங்க. எங்கம்மா குடுத்து எத்தினியோ பேரு எழுந்து ஒக்காந்துகீறாங்க" என்றாள். வெள்ளைப் பூ பூக்கிற கரிசலாங்கண்ணி எனக்குத் தெரியும். கசக்கினால் விரல் கறுக்கும், தலைக்கு எண்ணெய் காய்ச்சுவோம். மஞ்சள் பூ பூப்பதை நான் பார்த்ததில்லை. அக்கா இரண்டு நாள் ஏரிக்கரை, வாய்க்கால் என்று அலைந்தாள். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் தன் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில், கம்பெனி மதில் சுவருக்கு மேலே வழிந்து தொங்கிய கொடியைப் பார்த்திருக்கிறாள். குட்டிச் சூரியகாந்தி மாதிரி மஞ்சள் பூ. சின்ன வயதில் பார்த்த அதே பூ. ஒரு கட்டு அறுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

நெல்லிக்காய் அளவு அரைத்து, மோரில் கலந்து, வெறும் வயிற்றில். உப்பில்லாப் பத்தியம். வேலைக்குப் போகக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. சொன்னபடி எல்லாம் செய்தேன். என் வீட்டுக்காரருக்குக் கண் தெளிந்தது, பசி எடுத்தது. எனக்கு அக்கா தெய்வமாகத் தெரிந்தாள். வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர் பட்டறையில் சொன்னார். மணிமங்கலத்திலிருந்து ஆள் வந்தது, படப்பையிலிருந்து வந்தது.

அக்கா அந்தக் கொடியை வளர்க்க ஆரம்பித்தாள். வளர்ப்பதற்கு ஒன்றும் மெனக்கெட வேண்டியதில்லை. ஒரு சாண் கிள்ளி ஈர மண்ணில் படுக்க வைத்தால் போதும், கணுவுக்குக் கணு வேர் விட்டுவிடும். டால்டா டின், ஓட்டைக் குடம், உடைந்த தொட்டி என்று எதுவும் விடவில்லை. வீட்டுக்கு வீடு நட்டுக் கொடுத்தாள். தை பிறப்பதற்குள் எங்கள் வரிசை முழுக்க வாசலில் மஞ்சள் பூ. டீக்கடைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து இடம் கொடுத்தார். நேற்றுவரை கேலி பேசிய பெண்கள் ஸ்டூல் எடுத்துப் போட்டார்கள். அவள் நடையே மாறிவிட்டது. தலையை நிமிர்த்தி நடந்தாள். பாதி வழியில் திரும்புவதுகூடக் குறைந்துபோயிற்று.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. வரிசையில் எத்தனையோ வளைகாப்பு நடந்தது. எல்லாவற்றுக்கும் அண்டா கழுவினாள், ஐந்து வகை சாதம் கிளறினாள். வளையல் அடுக்குகிற நேரம் பார்த்துப் பின்பக்கம் போய்விடுவாள். யாரும் போகச் சொன்னதில்லை, யாரும் கூப்பிட்டதுமில்லை.

பென்னலூரில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிற பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கும் காமாலை வந்து அக்காவின் இலையில் தேறியிருந்தான். அவனுடைய அம்மா அக்காவைத் தேடிக்கொண்டு ஒரகடத்துக்கே வந்தாள். "என் புள்ளைய குடுத்த கை இது. என் மருமவளுக்கு வளைகாப்பு வெச்சிகீறோம். மொதல் வளையலு நீதான் போடணும்" என்று அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அக்கா பித்தளைச் சொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், சாம்பல் கையோடே தலையை ஆட்டினாள். மறுநாளே ஸ்ரீபெரும்புதூர் போய்ப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வந்து என்னிடம் காட்டினாள். "நல்லாகீதா? கலரு அந்தப் பொண்ணுக்கு எடுக்குமா?" என்று நாலு தடவை கேட்டாள்.

வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த மருமகளுக்கும் கண் மஞ்சளாகிவிட்டது என்று ஆள் வந்தது. அக்கா ஒரு பை நிறைய இலை கொடுத்தனுப்பினாள். வளைகாப்புக்குள் தேறிவிடுவாள் என்றும் சொல்லியனுப்பினாள்.

அந்த வாரம் மணிமங்கலத்தில் அவளுடைய சொந்தத்தில் ஒரு காதுகுத்து. போனவள் சாயங்காலம் திரும்பி வந்து, சேலை மாற்றாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாள். "பம்பாண்ட வா கண்ணு" என்றாள். பம்புக் கல்லின்மேல் ஈரத் துணியைப் பிரித்தாள். உள்ளே ஒரு சின்னக் கொடி, மஞ்சள் பூவோடு. அதன் பக்கத்தில் தன் வாசலிலிருந்து ஒரு கொடியைக் கிள்ளி வைத்தாள்.

"ஏரி வாய்க்கா ஓரத்துல இருந்துச்சி. இத பாரு. இலை நீட்டமா, ஒல்லியா கீது. ஓரத்துல வெட்டு கிட்டு ஒண்ணும் இல்ல. தொடு, சொரசொரன்னு கீதா? பூவு சின்னது, காம்பு நீட்டம். இப்ப நம்மளுத பாரு. இலை பளபளன்னு தடியா கீது. ரெண்டு பக்கமும் காது மாரி தூக்கிக்கினு கீது. பூவும் பெருசு. எங்கம்மா பறிச்சது இது கண்ணு. வாய்க்காலாண்ட கீறது. நான் பூவ மட்டும் நெனப்புல வெச்சிக்கினு இலைய மறந்துட்டேன். கம்பெனி தோட்டத்துல அழகுக்கு உட்ட கொடிய அறுத்தாந்து மருந்துன்னு குடுத்துகீறேன்."

"அப்போ எங்க வீட்டுக்காரருக்குக் கொணமானது?" என்றேன்.

"அது தானா எறங்கியிருக்கும். பத்தியம் இருந்தாரு, படுத்துக்கினு இருந்தாரு. நான் குடுத்ததால இல்ல. புள்ளத்தாச்சி அதக் குடிச்சிக்கினுகீறா. இதான் கொணப்படுத்தும்னு ஆஸ்பத்திரிக்குப் போவாம கீறாங்க."

அதற்குள் அவளுடைய வீட்டுக்காரர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "இத்தினி பேரு தேறிகீறாங்க. அந்தப் பொண்ணும் தேறும். வளைகாப்பு முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம். ஒரு வாரத்துல இன்னா ஆயிடப் போவுது? எத்தினி வருசம் கழிச்சி உன்ன ஒருத்தி கூப்ட்டுகீறா" என்றார். மனைவிமேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அக்கா இரண்டு கொடியையும் ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பிறகு "கடைசி வண்டி கெடைக்கும். கண்ணு, கூட வர்றியா? தனியா போவ ஒரு மாரி கீது" என்றாள். அவள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான்.

பென்னலூரில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். மாமியார்க்காரி அம்மியில் அந்த இலையைத்தான் அரைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "வா வா, நீயே வந்துட்டியா" என்று எழுந்தாள். மூலையில் அந்தப் பெண் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். உள்ளங்கைகூட மஞ்சளாக இருந்தது. கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்தாள், எங்களை அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"அரைக்காதீங்க" என்றாள் அக்கா. "நான் குடுத்த தழ அது இல்ல. தப்பா குடுத்துட்டேன். வேற ஒரு பூச்செடி அது. பொண்ண ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

மாமியாருக்கு முதலில் புரியவில்லை. அக்கா திரும்பவும் சொன்னாள். துணியைப் பிரித்து இரண்டு இலையையும் காட்டப் போனாள். அந்த அம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள். இலை தரையில் விழுந்தது.

"இன்னா சொல்ற நீ? நாலு நாளா இத்தத்தான் கரைச்சிக் கரைச்சி ஊத்திக்கினுகீறேன். இப்ப வந்து பூச்செடின்ற? வவுறெரிஞ்சி குடுத்தியா? உனுக்கு இல்லன்னு அடுத்தவ வூட்டுப் புள்ளைய..." தெருவே திரண்டுவிட்டது. "ஒரு புள்ள பெத்தறியாதவ கைய நம்பனேன் பாரு, என்னச் சொல்லணும்!"

நான் சுவரோரம் ஒடுங்கி நின்றேன். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. நான் எதுவும் செய்யவில்லை, ஆனாலும் ஊரே என்னைப் பார்ப்பது போல உடம்பு கூசியது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நின்றாள். அழவில்லை. அந்த அம்மாள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மட்டும் பேசினாள்.

"திட்டுங்க. எத்தினி வேணா திட்டுங்க. வண்டி புடிச்சிக்கினே திட்டுங்க."

அந்தப் பையன்தான் முதலில் அசைந்தான். ஓடிப்போய் யாருடைய வேனையோ பிடித்து வந்தான். பெண்ணைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தபோது அக்கா தலைப்பக்கம் பிடிக்கப் போனாள். "நீ தொடாத" என்றார்கள். விலகிக்கொண்டாள். வேன் காஞ்சிபுரம் ரோட்டில் போய் மறைகிறவரை நின்றோம். பஸ் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நடந்து, ஒரு லாரிக்காரரைக் கெஞ்சி வீடு வந்தோம். இறங்கியதும் அக்கா பம்புக்குப் போனாள். காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வெகுநேரம் நின்றாள்.

பெண் பிழைத்துக்கொண்டாள். குறைமாதத்தில் பிறந்தாலும் குழந்தையும் தங்கியது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் இரண்டுமே இல்லை என்று டாக்டர் திட்டினாராம். ஆனால் ஊரில் சுற்றிய கதை வேறு. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி சொன்னாள்: "அவங்களா சுதாரிச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. இல்லன்னா பம்படியக்கா கொன்னே போட்டிருப்பா." எனக்கு வந்ததே கோபம். மண்ணெண்ணெய் டின்னைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். "யாரு சுதாரிச்சா? போயிச் சொன்னது யாரு? நான் கூட நின்னேன்!" என்று கத்தினேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. அக்கா.

"உடு கண்ணு. குடுத்தது நான்தானே. பாதி மெய்தான சொல்றாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போனாள். எந்தெந்த வீட்டுக்குக் கொடி கொடுத்தாளோ அத்தனை வீட்டு வாசலிலும் நின்று, "நான் சொன்னது தப்பு, இது மருந்து இல்ல" என்று சொல்லி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடுங்கினாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் "பூவு நல்லாத்தான கீது, இருக்கட்டும்" என்றார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கொடியோ லேசில் போகிற ஜாதியில்லை. ஒரு கணு மண்ணில் தங்கினாலும் போதும். அடுத்த மழைக்கு வாசல் வாசலாக மறுபடி முளைத்தது. "அக்கா, உன் மருந்து மொளச்சிகீது, வந்து பாரு" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அக்கா போவாள். பிடுங்குவாள். பம்புக்கு வருவாள்.

மணிமங்கலத்துக் கொடியைப் பம்புத் தண்ணீர் ஓடுகிற ஈரத்தில் நட்டிருந்தாள். அது மெதுவாகத்தான் படர்ந்தது. சின்னச் சின்னப் பூவாகப் பூத்தது. ஒருத்தரும் ஒரு இலை கேட்டு வரவில்லை. எப்போதாவது வெளியூரிலிருந்து பழைய பேச்சைக் கேட்டு யாராவது வந்தால், "இதான் மஞ்சா கரிசலாங்கண்ணி. ஆனா மொதல்ல டாக்டராண்ட போ" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். வளையல் பொட்டலம் என்ன ஆயிற்று என்று தெரியாது. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு அந்த இடம் விலைபோய், வரிசையை இடித்தார்கள். திசைக்கொருவராகப் போனோம். அக்கா வாலாஜாபாத் பக்கம் போனதாகக் கேள்வி. அதற்குமேல் தெரியாது.

இப்போது எனக்கு ஒரகடத்திலேயே ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. சூப்பர்வைசர். காலை ஷிப்ட் பஸ்ஸில் போவேன். ரோடு ஆறு வழியாகிவிட்டது. நடுவில் மைல் கணக்காகத் திட்டு. அதில் லாரித் தண்ணீர் ஊற்றி வளர்த்திருப்பது எதை என்கிறீர்கள்? பளபளவென்று இலை, இரண்டு பக்கமும் காது, பெரிய மஞ்சள் பூ. பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்வேன்.

போன மாதம் ஒருநாள், அந்தத் திட்டில் குனிந்து ஒரு பெண் பை நிறையக் கொடி சேர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பஸ் தாண்டிவிட்டது. எனக்கு உட்கார முடியவில்லை. யார் வீட்டில் யாருக்குக் காமாலையோ. "தம்பி, நிறுத்துப்பா" என்றேன். டிரைவர் முறைத்தார். பஸ் முழுக்கக் கம்பெனியில் வேலை பார்க்கிற சின்ன வயசுப் பிள்ளைகள், பஞ்ச் வைக்க லேட்டாகிறது என்று முணுமுணுத்தார்கள். இறங்கி, லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து, வந்த வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போனேன்.

"அம்மா, அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லம்மா. இலையப் பாருங்க, ரெண்டு பக்கமும் காது மாதிரி இருக்கு பாருங்க. அது மருந்து இல்ல. உடம்புக்கு யாருக்காவது முடியலன்னா..."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். அப்போதுதான் அவள் போட்டிருந்த, ரோட்டு வேலைக்காரர்களின் ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனுக்கா சொல்ற? நட்டதே நாங்கதாம்மே. அடுத்த திட்டுல வெக்கிறதுக்குக் கிள்ளிக்கினுகீறேன். நீ போயி பஸ்ஸப் புடி."

திரும்பி வந்து ஏறினேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். முகத்தில் காற்று அடித்தது, ஆனாலும் இரண்டு காதும் கொதித்தன. தொட்டுப் பார்த்தேன். அடுப்பில் வைத்தது போலச் சுட்டது.

பூண்டு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேனே. வெட்கமில்லாதவள் என்று நினைத்தேனே. ஒரே ஒரு தடவை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போய் நின்றதற்கே எனக்கு இப்படிச் சுடுகிறது. அக்கா இந்தக் காதோடு வரிசை முழுக்க, வாசல் வாசலாகப் போய் நின்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையை நனைத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். கேட் வருகிறவரை எடுக்கவில்லை.